சொக்கன்தேரியில் விமானம் எழும்பும் விதம்

எங்கள் சொக்கன்தேரி விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் எழும்ப வேண்டுமானால் அதற்கு எண்ணெய் வேண்டும், பைலட் வேண்டும், மேலே இருக்கிறவர்கள் ரேடியோவில் சரி என்று சொல்ல வேண்டும், இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று வேண்டும், உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் மனசாரப் போயிட்டு வாங்க என்று சொல்லிக் கைகாட்ட வேலிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்க வேண்டும், அறுபத்தேழு பேருக்கு ஆள் நின்று ஒரே ஒருவருக்கு நிற்கவில்லை என்றாலும் விமானம் ஓடுபாதையின் கடைசிவரை ஓடும், உறுமும், செம்மண்ணை வாரி இறைக்கும், எழும்ப மட்டும் எழும்பாது. இதைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் ஊரில் இன்றைக்கும் பஸ்ஸே ஒழுங்காக நிற்பதில்லை.

நான் வேன் ஓட்டுகிறவன். பெயர் பரமார்த்தலிங்கம், ஆனால் அப்படிக் கூப்பிட இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது, வேன் அண்ணாச்சி என்றால் தெரியும். பதினெட்டு சீட்டு வேனில் முப்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய் விமான நிலைய வேலியோரத்தில் இறக்குவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒருத்தன் துபாய்க்குப் போகிறான் என்றால் அவனுக்கு ஒரு டிக்கெட், அவனை அனுப்ப இரண்டு வேன், மாமன் மச்சான், சித்தி பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரருக்கு விருந்தாளியாக வந்தவர் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள், புளியோதரைப் பொட்டலமும் கூட வரும். அந்த வழக்கம் விமானம் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்கு இருந்தது. விமானம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று நான் சொல்வேன், விமான நிலைய மேனேஜர் குரியன் சார் வேறு மாதிரி சொல்வார்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே இருந்த தேரிக்காட்டில், காற்றடித்தால் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும் அந்தச் செம்மணல் மேட்டில், உடைமரங்களை வெட்டிச் சமப்படுத்தி ஒரு ஓடுபாதை போட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு கொட்டகை கட்டி, ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டி, அதுதான் விமான நிலையம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே மேனேஜராக வந்தவர் கோட்டயத்துக்காரர் குரியன் சார், ஒல்லியான மனிதர், எதையும் நோட்டில் எழுதாமல் நம்ப மாட்டார். காத்தாடி வைத்த சின்ன விமானம் காலையில் சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் எங்கள் ஊர் லாரிக்காரர் சங்கத்தலைவர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், லாரிக் கணக்கில் நாலு பழம் வாங்கிப்போயிருந்தார், குனிந்து பார்த்தால் விமானத்துக்கு ஆறு சக்கரம். சரி, இருக்கிறதை வைப்போம் என்று நாலுக்கு மட்டும் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

விமானம் ஓடியது. ஊரே வேலியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தியது. ஓடி, ஓடி, ஓடி, ஓடுபாதை முடிகிற இடத்தில் வேலிக்கு வெளியே இருந்த பேராச்சியின் டீக்கடைக்கு நேராகப் போய் நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து மறுபடி ஓட்டினார்கள், மறுபடியும் டீக்கடைக்கு நேராக நின்றது. ஆட்களை இறக்கிவிட்டு வெறும் விமானத்தை ஓட்டினால் சும்மா ஜம்மென்று எழும்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது, ஆட்களை ஏற்றினால் மூன்றாம் முறையும் டீக்கடை. எல்லோரும் லாரிக்காரரைப் பிடித்து ஏசினார்கள். அவர் பாவம், மிச்சம் இரண்டு பழம் வாங்க சைக்கிளில் ஊருக்குப் போய்விட்டார்.

பேராச்சிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் இரண்டு வயசுப் பிள்ளை பொன்சித்ரா, அடுப்பில் பால். அவள் புருஷன் அதற்கு முந்தின வருஷம் மஸ்கட்டுக்குப் போயிருந்தார். மூன்று முறையும் தன் கடைக்கு நேரே வந்து நின்ற விமானத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவள் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, எல்லாருக்கும் இம்புட்டுப் பேரு கை காட்டுதிய. அந்தச் சிவப்புச் சட்டைக்காரருக்கு யாரு காட்டுதா?"

அவர் உப்பளத்து மோட்டாரைச் சரி செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவர். காலையில் அவள் கடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார், எங்கள் பாஷையில் அவருக்கு டீ என்கிற ஒரு வார்த்தைதான் தெரியும். பேராச்சி வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வேலிக்கு ஓடினாள். "சார்! போயிட்டு வாங்க சார்! போய்ச் சேந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க! நேரத்துக்குச் சாப்பிடுங்க, மெலிஞ்சு போயிட்டிய!" என்று தன் சொந்த அண்ணனுக்குச் சொல்கிற மாதிரி கத்தினாள். ஜன்னலுக்குள் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவரும் கையைத் தூக்கினார். விமானம் திரும்பிப்போய் நாலாம் முறை ஓடிவந்தது, ஓடுபாதைக்குப் பாதியில் நிற்கிற ஒத்தப்பனைக்கு நேராக மூக்கைத் தூக்கியது, எங்கள் தலைக்கு மேலே போனது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், சாதாரணமாக எடுத்துக்கொண்டது. "அனுப்ப ஆளில்லாம ஒருத்தன் எப்படிப் போவான், அது அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் தெருக்கணக்கில் முறை போட்டுக்கொண்டார்கள், திங்கட்கிழமை மீன்காரத்தெரு, செவ்வாய்க்கிழமை பெரிய பள்ளிவாசல் தெரு, புதன் மாதாகோயில் தெரு, இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு தெருவிலிருந்து பத்துப் பேர் வந்து நின்று, ஆளில்லாமல் வருகிறவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு பெயர், ஊர், என்ன வேலையாக வந்தார், வீட்டில் யார் யார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள், ஏனென்றால் ஒன்றும் தெரியாமல் சும்மா கையை ஆட்டினால் விமானம் மசிவதில்லை. பைலட்டுக்கும் பணிப்பெண்களுக்கும் அந்தத் தொல்லை இல்லை, அவர்களை அவர்கள் வீட்டிலேயே அனுப்பி வைத்திருப்பார்கள்.

குரியன் சார்தான் தவித்துப்போனார். விமானம் கிளம்பாத நாட்களில் காரணம் என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது? 'வழியனுப்ப ஆள் இல்லை' என்று எழுதினார். மேலிடத்திலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் குடித்த டீயைக் குறை சொன்னார்கள், எங்களைக் குறை சொன்னார்கள், குரியன் சாரை உட்காரவே சொல்லவில்லை, எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுச் சாயங்கால விமானத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். யாரும் கை காட்டவில்லை. வேலியோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு மணி நேரம் விமானம் போகவும் வரவுமாக இருந்தது. கடைசியில் பேராச்சிதான், "பாவம், அவுக வீட்லயும் தேடுவாகல்லா" என்று மனசு இளகிக் கையைத் தூக்கினாள். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு அட்டை வந்தது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை, அதில் அவள் படம், அதற்குக் கீழே 'வழியனுப்புநர் (தற்காலிகம்)'. இருபத்திரண்டு வருஷமாக அவள் தற்காலிகம்தான்.

விமான நிலையம் வளர்ந்தது அதற்கப்புறம்தான். மனசார அனுப்பினால் விமானம் சீக்கிரமே எழும்பிவிடுகிறது, எண்ணெய் மிச்சமாகிறது என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு விமானம் இரண்டானது, இரண்டு ஐந்தானது, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்தது, வேலியோரத்தில் தகரப்பந்தல் போட்டு, அது மண்டபமாகி, மின்விசிறியும் பெஞ்சும் குடிதண்ணீரும் வந்து, இன்றைக்கு எங்கள் வழியனுப்புக் கூடம் கண்ணாடிக் கட்டடத்தைவிடப் பெரியது. எங்கள் பேச்சே மாறிப்போயிற்று. நல்ல அன்புக்கு ஒத்தப்பனை என்று பெயர். அதைவிட அன்பு என்றால் தண்ணீர்த்தொட்டி, அது ஓடுபாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது, அங்கே எழும்பியவர்கள் குறைவு. வேண்டா வெறுப்பாக அனுப்பினால் டீக்கடை. "என் மாமியாருக்கு என் மேல டீக்கடைப் பிரியம்தான்" என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்கள், மாமியார் காதில் விழுகிற மாதிரியே பேசுவார்கள்.

ஒரே மழையில் அடித்துக்கொண்டு போகிற மாதிரி ரோடு போட்ட ஒரு காண்டிராக்டர் ஒருநாள் விமானத்தில் ஏறினார். ஊரில் ஒரு கை தூக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுப் பார்த்தார், பைலட் அறையின் ஒலிபெருக்கியை வாங்கி, ரோட்டைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சத்தியம் பண்ணினார். அந்த ரோட்டில்தான் இன்றைக்கும் என் வேன் போகிறது, ஒரு குழி கிடையாது. கோபித்துக்கொண்டு கிளம்பிய மருமகன்கள், சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள், எத்தனை பேர் அந்த வேலியோரத்தில் அறுபது பயணிகள் வேடிக்கை பார்க்க ராசியானார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குரியன் சாருக்கு நாலு தடவை மாற்றல் உத்தரவு வந்தது. நாலு தடவையும் மாலை போட்டோம், அழுதோம், கை காட்டினோம். நாலு தடவையும் விமானம் எழும்பவில்லை, எங்களில் ஒருவருக்கும் அவரை அனுப்ப மனசு வரவில்லை. ஐந்தாம் முறை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார், எனக்கு இந்த ஊரை விட்டுப் போக வழியில்லை என்று.

அப்புறம்தான் வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பெரிய ஊர்களில் பெரிய விமான நிலையம் இருக்கும்போதே அதை விட்டுவிட்டு, பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து சொக்கன்தேரிக்கு வந்தார்கள். அனுப்ப ஆளில்லாதவர்கள். உலகத்தில் இவ்வளவு பேர் அனுப்ப ஆளில்லாமல் இருக்கிறார்களா என்று நாங்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். பேராச்சி ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்து, கதை கேட்டு, வெளியே வந்து கையைத் தூக்குவாள். அவள் அனுப்பினால் ஒத்தப்பனைக்குக் குறையாது.

அவள் மஸ்கட் புருஷன் விஷயம் பாதியில் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் அவரை அனுப்பினாள், இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று சேதி மட்டும் வந்தது. ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் திறந்தாள். அதைப் பற்றி நாங்கள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

பொன்சித்ரா விமானச் சத்தத்திலேயே வளர்ந்தாள். நர்சுக்குப் படித்தாள், கெட்டிக்காரி. போன வருஷம் இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, ஓடுபாதையை மேற்கே நீட்டிப் பெரிய விமானங்களை இறக்கப் போகிறோம், அதற்குப் பேராச்சியின் டீக்கடையும் பின்னாலிருக்கிற வீடும் வேண்டும் என்று ஒரு காகிதம். இரண்டு, அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பொன்சித்ராவுக்கு வேலை, முப்பதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒரு காகிதம். முதல் காகிதத்தில் பேராச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டாவதற்கு அவள் கையெழுத்து தேவையில்லை.

இருபத்திரண்டாம் தேதி பொன்சித்ரா கிளம்பினாள். என் வேன் நாலு நடை அடித்தது. பேராச்சி புதுச்சேலை கட்டிக்கொண்டு வேலியில் முன்னால் நின்று பெரிதாகக் கையை ஆட்டினாள், "போயிட்டு வாட்டி" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். விமானம் ஓடியது. தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியது, ஒத்தப்பனையைத் தாண்டியது, டீக்கடைக்கு நேரே போய் நின்றது.

குரியன் சார் பயணிகள் பட்டியலோடு வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஒவ்வொருவருக்கும் ஆள் இருந்தது. இரண்டாம் முறையும் விமானம் டீக்கடைக்குத்தான் போயிற்று. அப்போது நான் பேராச்சியின் கையைப் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஆடிய கை, எனக்குத் தெரியாதா? முழங்கை விரியவே இல்லை. நான் பார்த்ததை மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள்.

"சேச்சி..." என்று குரியன் சார் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் காட்டத்தானே செய்யுதேன்! சிரிச்சுக்கிட்டுத்தானே நிக்கேன்! வேற யாருக்கோ ஆளில்லாம இருக்கும், நல்லாப் பாருங்க சார்!" என்று பேராச்சி அவர் மேல் பாய்ந்தாள்.

மூன்றாம் முறைக்கு முன்னால் விமானத்தின் கதவு திறந்தது. பொன்சித்ரா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வெயிலில் நடந்து வந்தாள். "அவுகளுக்கெல்லாம் நேரமாவுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துப் போனாள். அவள் இறங்கியதும் விமானம் ஒத்தப்பனைக்கு நேராக எழும்பிப் போய்விட்டது. யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் வேனில் ஏறினோம்.

அன்றைக்கு ராத்திரி சமையல் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, தெருவே மணத்தது. பேராச்சிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மறுநாள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"மனசார அனுப்பினா ஆளு திரும்பி வராது அண்ணாச்சி. ஒருத்தரை அப்படி அனுப்பித்தான் பாத்தாச்சே. இத்தனை வருசமா இத்தனை பேரை அனுப்புனேனே, எத்தனை பேரு திரும்பி வந்தாவன்னு எனக்குத் தெரியுமா? வார ப்ளேனெல்லாம் ஊர்ப்பக்கமா இறங்கி அங்கனயே நின்னுருது. என் கடைப்பக்கம் போறதுதானே வருது."

டீயைக் குடித்தேன். டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றிலிருந்து டீ போட்டது பொன்சித்ரா. சும்மா இருக்க முடியாமல் கடையில் வந்து நின்றுகொண்டாள். அடடா, ஊசி போடுகிற கைக்கு டீ வரவில்லை. ஒருநாள் வெந்நீர், ஒருநாள் கஷாயம். முகம் சுளிக்காமல் குடித்தோம், இன்னொன்று போடு தாயி என்று கேட்டும் குடித்தோம். அவளும் எங்களோடு சிரித்துப் பேசினாள், ஆனால் விமானம் ஓடும்போது மட்டும் அண்ணாந்து பார்க்காமல் தம்ளர் கழுவுவாள். இருபத்திமூன்று, இருபத்திநாலு, இருபத்தைந்து, இருபத்தாறு என்று தேதி போய்க்கொண்டிருந்தது.

இருபத்தேழாம் தேதி காலையில் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பொன்சித்ரா வயசுதான் இருக்கும், பொன்சித்ராவின் பெட்டி மாதிரியே நீலப் பெட்டி. பஸ்ஸில் வந்த களைப்போடு பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் பேராச்சி வழக்கம்போல் விசாரித்தாள்.

"எங்கம்மா போறே?"

"ஜெர்மனிக்கு அக்கா. படிக்க."

"வீட்ல யாரும் வரலியா?"

அந்தப் பெண் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்கு நான் போறதுல இஷ்டம் இல்ல. நேத்திலிருந்து என்கிட்ட பேசல. வாசல் வரைக்கும்கூட வரல. இங்க ஒரு அம்மா அனுப்பி வைப்பாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்."

பேராச்சி அவளுக்கு இட்லி வாங்கிவரச் சொன்னாள், தலையை வாரிவிட்டாள், தன் முந்தானையிலேயே முகத்தைத் துடைத்துவிட்டாள். வேலிக்குப் போய், "போயிட்டு வா மக்கா! நல்லாப் படி! ஒண்ணுக்கும் பயப்படாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். விமானம் தண்ணீர்த்தொட்டிக்கு நேராகவே எழும்பிவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தாள், வந்த வேகத்தில் கோபமும் வந்துவிட்டது, கரண்டியை டங்கென்று போட்டாள்.

"என்ன பொம்பளை அவ! பெத்த பிள்ளை அம்புட்டுத் தூரம் போவுது, வாசல் வரைக்கும் வந்தா கால் தேஞ்சா போவும்? மனசுன்னு ஒண்ணு இருக்கா அவளுக்கு? நான் மட்டும் அந்த ஊர்ல இருந்தேன்னா அவளை நடுத்தெருவுல நிறுத்தி..."

அதோடு நின்றுவிட்டது. கடையில் பதினோரு பேர் இருந்தோம், பதினோரு பேரும் தரையைப் பார்த்தோம். பொன்சித்ரா குனிந்து தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அதை இறக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேராச்சி மகளுடைய முதுகைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"ஏட்டி, அந்தத் தம்ளரைக் கீழ வையி. அண்ணாச்சி, குரியன் சார்ட்ட போயி நாளைக்கு ஒரு சீட்டு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா யாரையாவது இறக்கிவிடச் சொல்லுங்க."

சீட்டு இருந்தது. மறுநாள் யாரும் வர வேண்டாம், என் பிள்ளைக்கு நான் போதும் என்று பேராச்சி ஊருக்குச் சொல்லி அனுப்பினாள். எங்களையா வர வேண்டாம் என்பது? ஆறு நடை அடித்தேன். ஆனால் அவள் சொல்லுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் பத்தடி பின்னால் நின்றுகொண்டோம். வேலியோரத்தில் அவள் மட்டும், முந்தின நாள் கட்டியிருந்த அதே சேலை, கழுத்தில் தற்காலிக அட்டை.

விமானம் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்தினார்கள், காத்தாடி சுற்ற ஆரம்பித்தது, இன்னும் ஓடுபாதைக்கே போகவில்லை. மூன்றாவது ஜன்னலில் பொன்சித்ராவின் முகம் தெரிந்தது. பேராச்சி வேலிக்கம்பியில் ஒரு காலை வைத்து ஏறி நின்றாள். முதலில் சத்தம் வரவில்லை. ஐயோ, இன்றைக்கும் முடியாதோ என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் முழங்கை விரிந்தது.

"ஏ பொன்சித்ரா! அங்க குளிரும்! காதை மூடிக்கோட்டி! கண்ட நேரத்துக்குத் தலைக்குக் குளிக்காதே! டீ நீ போட வேண்டாம், வாங்கிக் குடி! எனக்கு உன்னை விட மனசே இல்லட்டி, அது கிடக்கட்டும், நீ போ! ராசாத்தி மாதிரிப் போ! போயிட்டு வாட்டி, எம்மா!"

அவள் கடைசி வார்த்தையை முடிக்கவில்லை, விமானம் நின்ற இடத்திலேயே எழும்பிவிட்டது. ஓடவில்லை, திரும்பவில்லை, தள்ளுவண்டியில் பெட்டி ஏற்றியவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, கண்ணாடிக் கட்டடத்தின் முன்னாலிருந்து நேராக மேலே போனது, மெதுவாக ஒரு வட்டம் போட்டு வடக்கே திரும்பியது. எங்கள் கூட்டத்தில் லாரிக்காரர் சங்கத்தலைவர் விசில் அடித்தார், அதற்கப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொல்ல முடியாது. நானும் அழுதேன். அழுதால் என்ன இப்போது?

குரியன் சார் நோட்டோடு ஓடிவந்தார், மூச்சு வாங்கியது. ஓடிய தூரம் என்கிற கட்டத்தில் சைபர் போட்டிருந்தார்.

"சேச்சி, பார்த்தீங்களா? இனி ரன்வேயே வேண்டாம்! ஒரு அடி கூட வேண்டாம்! நான் இன்னைக்கே மேல எழுதுறேன், நீட்டிப்பு வேண்டாம்னு. உங்க கடை தப்பிச்சது, வீடு தப்பிச்சது!"

பேராச்சி வேலியிலிருந்து இறங்கினாள். கை இன்னும் பாதி மேலேயே இருந்தது, அதை மறுகையால் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க சார்."

"எந்தக் காகிதம்?"

"கடையைக் கேட்ட காகிதம். ஏறுறதுக்கு இடம் வேண்டாம், சரி. எம்புள்ள வரும்போது இறங்குறதுக்கு வேணும்லா?"

அங்கேயே, என் வேனின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். இப்போது ஓடுபாதை மேற்கே நீண்டு கிடக்கிறது. பெரிய விமானங்கள் அந்தப் பக்கமாகத்தான் வந்து இறங்குகின்றன, அவை முதலில் சக்கரம் பதிக்கிற இடம் பேராச்சியின் அடுப்பு இருந்த இடம். அவள் கடை வருகை வாசலுக்கு எதிரே மாறிவிட்டது. போகிறவர்களைத் தெருக்காரர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு அவள் பெரும்பாலும் இந்த வாசலில்தான் நிற்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் அனுப்பியவர்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் அனுப்பியவர்கள், ஒவ்வொருவராக வெளியே வந்து அவளை அடையாளம் கண்டுகொண்டு நிற்கிறார்கள். சிவப்புச் சட்டைக்காரர் ஒருநாள் பேரனோடு வந்தார்.

பொன்சித்ரா இந்தத் தையில் வந்தாள். விமானத்திலிருந்து வந்தவர்களில் பதினேழாவது ஆள், வெள்ளைக் கம்பளிக் குல்லா, அதே நீலப் பெட்டி. பேராச்சி ஓடவில்லை, அழவில்லை. பக்கத்தில் வரும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், வந்ததும் குல்லாவை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டாள்.

"காதை மூடிக்கோன்னு சொல்லித்தானே அனுப்புனேன்" என்றாள்.